குழாயடியில் ஏழு தடவை

“நாய்க்குட்டியா? என்ட வேன்லயா? இல்ல புள்ள, அது சரிவராது.”

வேனில் மளிகைச் சாமான் கொண்டுவந்து விற்கும் புஹாரி நானா போனில் அப்படிச் சொன்னதும் கலாராணிக்கு முகம் தொங்கிப்போனது.

“பண்டாரவளையில இருந்து இங்க சாமான் கொண்டுவர ஊரடங்கு பாஸ் இருக்கிறது உங்க வேனுக்கு மட்டுந்தான் நானா. நாளைக்குள்ள எடுக்கலன்னா குட்டி தர்றேன்னு சொன்ன அங்கத்த ரமேஸ் சார் அத வேற ஆளுக்குக் குடுத்துருவாராம்.”

“நாங்க நாயத் தொடுறல்ல புள்ள. ஊட்டுலயும் ஏசுவாங்க.”

“எம்மக தனுஜா சாப்புடவே மாட்டேங்கிறா நானா.”

“ரொட்டி மா எத்தின கிலோ வேணும்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு நானா போனை வைத்துவிட்டார். வியாபாரி வியாபாரிதான் என்று கலாராணி நினைத்துக்கொண்டாள்.

நாடே மூடிக்கிடந்த கொரோனா காலம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கலாராணி இருக்கும் லயம் என்னும் வரிசை வீடுகளில் இரண்டு பேருக்கு நோய் கண்டதால், அதன் பத்துக் காம்பரா அறைகளையும் சேர்த்து மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். பதினாலு நாளைக்கு யாரும் கொழுந்து பறிக்கக்கூட வெளியே போக முடியாது. புருசனோ கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். போதாக்குறைக்கு, மகள் தனுஜா ஆசையாக வளர்த்த ஜிம்மியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

“இந்த நேரத்துல நாய் ஒண்ணுதான் கேடா?” என்று பக்கத்துக் காம்பரா பெரியாயி வாசலில் நின்றபடியே கேட்டாள். “மனுசருக்கே ரொட்டி சுட மாவு பத்தல.”

“என் ரொட்டியில பாதியப் போடுறேன்க்கா. எம்புள்ள ஒரு தடவ சிரிச்சா போதும்.”

“நீ பாதி வயிறோட கெட. நானாதான் மாட்டேன்னுட்டாருல்ல? நாய் சும்மா ஒரு சாக்கு. நம்ம லயம்னாலே இப்ப எல்லாருக்கும் பயம்.”

பெரியாயி வாயில் நல்லது வருவது அபூர்வம். ஆனாலும் அவள் சொன்னதைத் தள்ள முடியவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஓட்டோகூட இந்த லயத்தைக் கண்டால் பாட்டை நிறுத்திவிட்டுப் பறந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தூறலில் நனைந்துகொண்டு நானாவின் வேன் வந்து நின்றது. நானா மாவையும் பருப்பையும் இறக்கி வைத்தார். கடைசியாக ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து நாடாவுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்துகொண்டார். அவருடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மழை என்று கலாராணி நினைத்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து கறுப்பு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

தனுஜா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். குட்டியை அள்ளிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, “அம்மா, இதுக்கு ரொட்டி புடிக்குமாம்மா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

கலாராணிக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் என்று நானாவைத் தேடினாள்.

நானா ரோட்டோரக் குழாயடியில் இருந்தார். முழங்கை வரைக்கும் கழுவினார். மறுபடி கழுவினார். கீழே குனிந்து மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினார். அதற்குப் பிறகும் விடவில்லை.

“அஞ்சு... ஆறு... ஏழு!” என்று பெரியாயி எண்ணி முடித்தாள். “பாத்தியா கலா? நாடாவத் தாண்டிக்கூட வரல. நம்மளத் தொடவும் இல்ல. அதுக்கே மண்ணப் போட்டுத் தேய்க்கிறாரு!”

கலாராணி, இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கும்பிட நினைத்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நானா! நாங்க என்ன அவ்வளவு அழுக்காவா போயிட்டோம்?”

நானா திகைத்துப்போய் நிமிர்ந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“என்ன புள்ள செல்றாய்?”

“நோய் வந்தது எங்க குத்தமா? எங்க பக்கம் வந்ததுக்கு ஏழு தடவ கழுவுறீங்களே, நாங்களும் மனுசங்கதானே!”

நானா தன் கையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அல்லாஹ்வே! இது கொரோனாக்கில்ல புள்ள. அந்தக் கள்ளனுக்கு! பெட்டியில வெச்சா ஒரே அழுக, குளிருல வெடவெடன்னு நடுங்குறான். பாவமா ஈந்திச்சி. பண்டாரவளையில இருந்து என்ட மடியிலதான் வந்தான். கையெல்லாம் நக்கி, சட்டையிலயும் மூத்திரம் பெஞ்சிட்டான். நாய் நக்கினா நாங்க ஏழு தரம் கழுவோணும், அதில ஒருக்கா மண்ணால. அது எங்கட மார்க்கம்.”

பெரியாயிக்குத் திடீரென்று உள்ளே வேலை வந்துவிட்டது. கலாராணிக்குத் தலை நிமிரவில்லை.

“மன்னிச்சுருங்க நானா” என்றாள்.

“அத உடு புள்ள.”

நானா வேனில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்ச தூரம் போன வேன் நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அடுத்த செவ்வாய் நாடாவ அவுத்துருவாங்கதானே? நான் வாரக்குள்ள குட்டிய இந்தக் குழாய்க்குக் கிட்டவே கட்டி வை புள்ள. தூக்கிட்டுக் கழுவ லேசா ஈக்கும்.”