சகலையின் வேகம்

மீனவருக்குக் கடல்காற்றிலும் வயிறு எரிந்தது. கரையேறியதும் நேரே எஞ்சின் கடைக்குப் போனார்.

"என் புரொப்பெல்லர் தேஞ்சு போச்சு. சகலை படகுல இருக்கறதே எனக்கும் வேணும்."

"உங்க எஞ்சின் பழசு. அதை இழுக்காது," என்றார் கடைக்காரர்.

"இழுத்தாகணும். கரை திரும்பறப்ப தினமும் என்னைத் தாண்டிக்கிட்டுப் போறான். கையை வேற ஆட்டறான்!"

"அப்ப உங்க படகுல என்ன இருக்கும்?"

"மீன்தான். விளிம்பு வரைக்கும்."

"அவர் படகுல?"

இத்தனை நாளும் மீனவர் பார்த்தது சகலையின் முதுகை மட்டும்தான்.

"காலிப் படகு பறக்காம என்ன செய்யும்? நேத்து அவரும் வந்தாரு. உங்க படகுல இருக்கற புரொப்பெல்லர்தான் வேணும்னு ஒரே அடம்."

"அந்தத் தேஞ்சு போனதா? எதுக்காம்?"

"அதைப் போட்டாத்தான் மீன் மாட்டுமாம்!"