காதோரம் செம்பருத்தி

அந்தமான் வண்டூரின் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைச் சுபிதாவின் மடியில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஓவியர் திவாகர் அவளைப் பாயில் ஒருக்களித்து உட்காரவைத்து, காதோரம் ஒரு செம்பருத்தியைச் செருகியிருக்கிறார். "தவசு காலத்துல, ஈஸ்டர் வர்ற வரைக்கும், நாங்க பூ வைக்க மாட்டோம் சார்" என்று அவள் சொன்னதற்கு, "பத்து நிமிஷம்தாம்மா" என்றார். ஒரு மணி நேரமாகிறது. அவர் காலடியில் படப்புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கிறது. ஊரையும் குடும்பத்தையும் உதறிவிட்டுத் தீவுக்குப் போன கோகன் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த ஓவியங்களாம். அவற்றைப் பார்த்துத்தான் திவாகரும் வேலையை விட்டுவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறினாராம். புத்தகத்துப் பெண்ணும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறாள், காதில் பூவோடு. மரத்துப்போன காலை நகர்த்தப் பார்க்கிறாள் சுபிதா. "அசையாதீங்க." உள்ளறையில் கைக்குழந்தை விழித்துக்கொண்டு வீறிடுகிறது. பால் சுரந்து ரவிக்கை நனைகிறது. எழப் போனவளை வாசலில் நிற்கும் புருஷன் பிரவின் கையமர்த்துகிறான். திவாகரை விருந்தாளியாக வீட்டுக்குக் கூட்டிவந்தவன் அவன்தான். "தோடா தேர், கொஞ்ச நேரம் இரு புள்ள. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்கிறான், ஆனால் திவாகர் வரையும் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகை ஏறி ஏறிக் கமறுகிறது. சுபிதா தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் புத்தகத்தைப் பார்க்கிறாள். "அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை இல்லியா சார்?" தூரிகை நிற்கிறது. திவாகர் குனிந்து அந்தப் படத்தை முதல்முறை பார்ப்பதுபோல் உற்றுப் பார்க்கிறார். பிறகு சிவப்பைத் தொட்டுக்கொள்கிறார். "பூ சரியுது பாருங்க. அசையாதீங்க."