கியாந்தியை உறிஞ்சியவன்

"சத்தமில்லாமக் குடிக்க மாட்டீங்களா?" என்றார் ஊட்டி ஓட்டல் மேலாளர் கீர்த்திவாசன்.

மாட்டேன். கோத்தகிரி ஃபேக்டரியில் தேயிலை ருசி பார்த்தே தலை நரைத்தவன் நான். உறிஞ்சினால் விசில் அடிக்க வேண்டும், நாக்கில் புரட்ட வேண்டும், துப்ப வேண்டும். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டி இரண்டு வருடம் ஆகிறது. உறிஞ்சலுக்கு மட்டும் யாரும் பூட்டுப் போடவில்லை.

துப்பத்தான் இடமில்லை. மேசையிலிருந்த பூச்சாடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விழுங்கினேன்.

ஒயின் பரிமாற ஆள் எடுக்கிறார்கள். இதுவும் இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஃபேக்டரி பூட்டியதிலிருந்து அவள் தையல் கூலியில்தான் வீடு ஓடுகிறது.

இத்தாலியின் கியாந்தி ஒயின் வரலாற்றை அதற்குள் ஒப்பித்து முடித்திருந்தேன். 1716லேயே ஒரு கோமகன் எல்லை வகுத்தது, பிறகு வைக்கோல் சுற்றிய பாட்டிலில் மட்டமானதை ஊற்றிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது (நாங்கள் முற்றிய இலையை அள்ளிப்போட்ட மாதிரியேதான்), கடைசியில் அரசாங்கம் தரம் பிரித்தது. அடியில் சாதா ஒயின். நடுவில் டிஓசி. உச்சியில் டிஓசிஜி.

எதிரே மூன்று கண்ணாடிக் கோப்பைகள். தரப்படி அடுக்கினால் வேலை.

முதலாவது சாதா. சந்தேகமே இல்லை.

இரண்டாவது நாக்கை விட்டு இறங்க மறுத்தது.

மூன்றாவதை உறிஞ்சினேன். வறுத்த கோதுமை. கிராம்பு. தெரிந்த கைப்பக்குவம். மறுபடி உறிஞ்சினேன்.

பிறகு அதை எடுத்து முதலிடத்தில் வைத்தேன்.

கீர்த்திவாசன் சிரித்தார். "மாட்டிக்கிட்டீங்க. அது இத்தாலியே இல்லைங்க. கேக்குல ஊத்த, பின்வாசல்ல ஒரு அம்மிணி கொண்டாந்து குடுக்கறது. உங்களை மடக்கத்தான் வெச்சேன்."

"தெரியுமுங்க. ரெண்டாவதுதான் டிஓசிஜி. வேணும்னா பாட்டிலைப் பாருங்க."

பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்புறம் எதுக்கு இதை மேல வெச்சீங்க?"

"டிஓசிஜியில கடைசி எழுத்துக்கு உத்தரவாதம்னு அர்த்தமுங்க. எங்க விளைஞ்சது, எப்படிச் செஞ்சதுன்னு ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். அந்த ரெண்டு பாட்டிலுக்கு யாரு பொறுப்போ எனக்குத் தெரியாது. இதுக்கு நான் பொறுப்பு."

"அந்த அம்மிணியை உங்களுக்குத் தெரியுமா?"

"அவ கையால இருபது வருசமாச் சாப்பிடறனுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். மடியிலிருந்த பூச்சாடியை மெதுவாக எடுத்து என் பக்கமாக வைத்தார்.

"திங்கக்கிழமை வந்துருங்க. யூனிஃபார்ம் துணி குடுப்போம், தைக்கறது உங்க பொறுப்பு. ஊட்டுல தையல் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"ரெண்டு வருசமா இருக்கறதாத்தானுங்க நெனச்சிட்டிருந்தேன்."