சுமாத்திரா இலைச் சுருட்டு

டென்மார்க்கின் ஸ்கீவ ஊரில், ஒரு மூன்றாம் மாடியறையில் சூசைப்பிள்ளையும் ஜெயசீலனும் ஒரு பெட்டிச் சுருட்டை இரண்டு வருடமாகப் பற்றவைக்காமல் காவல் காத்தார்கள். மேலே சுற்றியிருந்தது அசல் சுமாத்திரா இலை. ஞாயிறுதோறும் பெட்டியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். அந்த வாசத்திலேயே சூசைப்பிள்ளைக்கு இரண்டு போத்தல் கள்ளுக் குடித்த மயக்கம் வரும்.

ஜெயசீலனுக்கு நிச்சயித்த றோசலின் டென்மார்க் வர அனுமதி கிடைக்கிற நாளில்தான் முதல் சுருட்டு என்பது ஒப்பந்தம். தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் அமைச்சில் முடங்கிக் கிடந்த காலம் அது. மாப்பிள்ளை சும்மா இருக்க, சூசைப்பிள்ளைதான் மனு எழுதி எழுதி ஊர்த் தபாற்பெட்டியையே நிரப்பினான்.

அன்று வேலையால் வந்தவனை மாடிப்படியிலேயே சுமாத்திரா வாசம் பிடித்திழுத்தது. உள்ளே ஜெயசீலன் கோட்டும் சூட்டுமாகப் புகைத்துக்கொண்டிருந்தான்.

“றோசலின் வாறாள்!”

இப்படிக் கத்திச் சூசைப்பிள்ளை துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் சீலிங்கை இடித்தாள். அவனும் ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தான். தேனும் மிளகும் கலந்த புகை, உச்சந்தலைவரை ஏறியது.

“அனுமதி எப்ப வந்தது?”

“போன மாதம், மச்சான். வேண்டாமெண்டு நான் திருப்பி எழுதிட்டன்.”

“அப்ப இந்தச் சுருட்டு?”

“எனக்கும் பேக்கரி லீசாவுக்கும் இண்டைக்கு நகரசபையிலை கலியாண எழுத்து முடிஞ்சுது.”

சூசைப்பிள்ளையின் வாயில் புகை அப்படியே நின்றது. இவ்வளவு நாளும் அரசாங்கத்தையல்லவா திட்டித் தீர்த்தான்!

ஜெயசீலன் சாம்பலைத் தட்டினான்.

“றோசலினுக்கு நீயே கடிதம் போடு, மச்சான். அண்ணன்காரன் நீ சொன்னால்தான் அவள் தாங்குவாள்.”