நண்டுக் கோது

"நண்டு மணக்கிறவன்ர நிழல்கூட இந்தப் படலைக்குள்ளை விழக்கூடாது."

"அப்ப என்ர நிழலும் விழாது, அப்பா."

பதினொரு வருடங்களுக்கு முன்பு, மடத்துவெளி வீட்டு முற்றத்தில் ஆழ்வாப்பிள்ளை வாத்தியாரும் மகள் மனோகரியும் கடைசியாகப் பேசியது அது.

அன்றே அவள் ஊர்காவற்றுறைக்குப் போய், நண்டு வலை போடும் ஜோர்ஜைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வர வைத்தது அப்பாவின் கால்.

சீனி வருத்தம், நீரிழிவு. இடது பாதத்தில் ஒரு புண், எட்டு மாதமாக ஆறவேயில்லை. காலை வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்ற டொக்டர், கடைசியாக ஒரு மருந்துத் துணியைக் கட்டிப் பார்க்கச் சொன்னார். மனோகரி நேர்ஸ். கட்டுவதற்கு வேறு யாரைத் தேடுவது?

மூன்று நாளுக்கு ஒருமுறை ஜோர்ஜின் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வந்தாள். அவள் உள்ளே போவாள். அவன் படலைக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நிற்பான்.

அந்த வீட்டுக் கிணறு ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. பதினாறு வாரமாக அவனுக்கு அதிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் போகவில்லை.

கால் ஆறட்டும் என்று மனோகரி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் மூடி வைத்திருந்தாள். அந்தத் துணி நண்டுக் கோதிலிருந்து, அதன் மேலோட்டிலிருந்து, எடுத்த கைட்டோசான் என்ற பொருளால் செய்தது. புண்ணின் நீரை உறிஞ்சிக் களி போலாகி, சதை வளர இடம் கொடுப்பது.

முட்டைகூடத் தொடாத சைவக்காரருக்கு அதை எப்படிச் சொல்வது? முதல் நாள் கொண்டுவந்த பெட்டியை உடனே பைக்குள் திணித்தாள். பிறகு பெட்டியில்லாமல் துணி இருந்த உறைகளை மட்டும்தான் கொண்டு வந்தாள்.

இன்று கட்டை அவிழ்த்தாள்.

புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல்.

அப்பா கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

கத்தினால் கத்தட்டும். வளர்ந்த தோலை உரித்து எறிய ஏலாதே. மனோகரி காலடியிலிருந்து எழுந்து நேராக நின்றாள்.

"அப்பா, உங்கட காலைக் காப்பாத்தினது நண்டுக் கோது."

ஆழ்வாப்பிள்ளை கத்தவில்லை.

தலையணைக்குக் கீழிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே நாலாய் மடித்த ஒரு தாள். முதல் நாள் பெட்டியிலிருந்து நழுவி விழுந்த ஆங்கிலக் குறிப்புத் தாள். நண்டுக் கோதைச் சொல்லும் வரிக்குக் கீழே பென்சிலால் நேர்கோடு.

"முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சனான், பிள்ளை. முதல் நாளே வாசிச்சிட்டன்."

மனோகரிக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

பதினாறு வாரம். தெரிந்துகொண்டே காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டே அவனைப் படலைக்கு வெளியே நிற்க விட்டிருக்கிறார்.

கையுறையைக் கழற்றாமலே முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாவின் செருப்பை எடுத்து வந்து, ஆறிய காலுக்கு முன்னால் வைத்தாள்.

"எழும்புங்கோ அப்பா. இந்தக் காலாலை படலைவரைக்கும் நடந்து போய், உங்கட வாயாலை என்ர மனுசனை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ."