கடல் பூ போட்ட கை

"அத்தனை மீனையும் கொன்னது என் கைதாண்ணா" என்று சொல்லிவிட்டு, எழிலரசி பெட்டியை மீன் கடை வாசலில் இறக்கி வைத்தாள். ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறி, பட்டாபிராமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறவள். போகும் முன் காரணத்தையாவது தெரிந்துகொள்ளலாம் என்று வந்திருந்தாள்.

கடைக்காரர் துலுக்கானம் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

கல்யாணமான வாரமே கணவன் கிஷோர் வீட்டில் வைத்த கடல்மீன் தொட்டி அது. அதே வாரம் மாமனார் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று மாமியார் அஞ்சலை அவளை விளக்கேற்றக்கூட விடவில்லை.

கிஷோர்தான் அவளுக்காகப் பேசினான். "இந்த மீனுங்க எல்லாம் அவ கையால வுட்டது. ஒண்ணாவது செத்துச்சா? அவ ராசி கெட்டதுன்னா எல்லாம் செத்துப் போவணும்ல? அப்படி ஆச்சுன்னா சொல்லும்மா, நானே அவளை அவங்க ஊட்டுக்கு அனுப்பிடறேன்."

அன்றிலிருந்து எழிலரசியின் வாழ்க்கை அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது. எழுந்ததும் முதலில் மீன்களைத்தான் எண்ணுவாள்.

கல்யாணமாகி நாலாவது மாதம், கிஷோர் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தபோது, அஞ்சலை இந்தக் கடையிலிருந்து ஒரு கடல் பூ வாங்கி வந்தாள். பெயர்தான் பூ, விரல் விரலாக ஆடுகிற உயிர்ப்பிராணி அது. ஆரஞ்சு மீன்கள் அதற்குள் வீடு கட்டிக்கொள்ளும். எழிலரசி முன்பு ஆசைப்பட்டுக் கேட்டபோதெல்லாம் கிஷோர், "இப்ப வேணாம், அப்புறம்" என்றே சொல்லி வந்தான்.

"உன் கையாலயே போடு கண்ணு" என்றாள் அஞ்சலை. அவளை மாமியார் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கிஷோரு பாக்கணும்னான். வீடியோ எடுக்கறேன்."

போட்ட பூ சுருங்கியது, கரைந்தது, நாறியது. அடுத்து மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. கிஷோர் போனில் மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்ன சொல் தவற முடியாது, அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று மட்டும் சொன்னான்.

துலுக்கானம் உச்சுக் கொட்டினார். "புதுத் தொட்டியில அத வுடவே கூடாதும்மா. ஒரு வருசமாவது தண்ணி பழசாவணும். அவசரப்பட்டு வுட்டா பூ செத்துடும், தண்ணி வெசமாயிடும், மீனுங்க அத்தினியும் கூடவே பூடும். இதச் சொல்லித்தானே குடுத்தேன்."

சொல்லித்தான் கொடுத்தாராம். மாமியார் கண்ணு என்று கொஞ்சியதும், அவள் கையை வீடியோ எடுத்ததும் எதற்கு என்று எழிலரசிக்கு இப்போது விளங்கியது.

ஆத்திரம் பொங்கியது. அதற்கும் மேலே ஒரு நிம்மதி வந்தது. அவள் ராசியில் குற்றமில்லை. கிஷோரிடம் இதைச் சொன்னால் போதும், பெட்டியோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அவசரமாகக் கிஷோர் எண்ணை அழுத்தி, போனை நீட்டினாள். "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்கண்ணா. எங்க அத்தைகிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, அதை அப்படியே சொல்லுங்க."

துலுக்கானம் போனை வாங்கவில்லை. "அந்தம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலையே. அவங்க பாவம், மருமவ ஆசைப்பட்டாளாம்னு சிரிச்சிகினே வாங்கினு போனாங்க. உங்க ஊட்டு சாருதான் மொதல்லயே போன் பண்ணி, அம்மா வருவாங்க, ஒண்ணு கட்டி வைன்னாரு. அவருகிட்டதாம்மா சொன்னேன்."

அவள் கையில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'தெரியும், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னாரு."