ஸ்டோர் ரூம் சாவி

“ஏனுங்க, ஸ்டோர் ரூம் சாவியக் காணமுங்க!”

மனைவி கீதா சொன்னதைக் கேட்டதும் தனபாலுக்குப் பட்டு வேட்டி நழுவாத குறை. துடியலூர் மண்டபத்தில் மகள் சண்முகப்பிரியாவின் வரவேற்பு ஆரம்பிக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. விடிந்தால் முகூர்த்தம். அதற்கான தேங்காய், பழம், தாம்பூலப் பை, சீர்ச் சாமான் அத்தனையும் அந்த அறைக்குள்தான்.

“காணமா? உன்ற கைலதானே குடுத்தேன்?”

“குடுத்தீங்க. நாந்தான் எங்கியோ வெச்சுப்போட்டேன்.” கீதா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மத்தவங்ககிட்டக் குடுத்தாத் தொலைச்சுப்போடுவாங்கன்னுதானே உன்றகிட்டக் குடுத்தது. நீயே இப்படிப் பண்ணுனா?”

“வேற ஆருகிட்டயாச்சும் குடுங்கன்னு காலைலயே சொன்னனுங்களே.”

சொல்லத்தான் செய்தாள். தனபால்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. மகன் கிருபாசங்கரின் கல்யாணத்திலும் ஸ்டோர் ரூம் சாவி இவளிடம்தான். “கீதா, சர்க்கரை”, “அக்கா, ரெண்டு பாய்” என்று ஆளாளுக்குக் கூப்பிட, மண்டபத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும் ஓடியே கல்யாணம் முடிந்துபோனது. ஆல்பம் வந்தபோது சம்பந்தி வீட்டு டிரைவர்கூட நாலு படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு ஒரே ஒரு படம். அதிலும் கை மட்டும், சாவியோடு.

“உடு, பொறவு ஒரு நாளைக்கு ஸ்டுடியோவுல போயி எடுத்துக்கலாம்” என்றார் தனபால். அந்த ஒரு நாள் இன்னும் வந்தபாடில்லை. கீதாவுக்கு அந்த வருத்தம் ஆறவே இல்லை.

அதனால்தான் பிரியா இந்தத் தடவை அம்மாவுக்கும் சேர்த்து மேக்கப்புக்குச் சொல்லியிருந்தாள். பார்லரிலிருந்து வந்த லாஸ்யா மத்தியானத்திலிருந்து எத்தனையோ முறை கீதாவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டாள். உட்கார்ந்த கையோடு யாராவது வந்து ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லி எழுப்பிக்கொண்டு போனார்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

“செரி, ராத்திரி விருந்துக்கு என்ன பண்றது?” தனபால் சமையல்காரரிடம் ஓடினார்.

“அதொண்ணும் பயமில்லீங்க. வேண்டியதெல்லாம் அம்மா மத்தியானமே எடுத்துக் குடுத்துட்டாங்க. காலைக்குத்தான் தொறக்கோணும்.”

மண்டபத்து மேனேஜர் வேலன் தலையைச் சொறிந்தார். “இன்னொரு சாவி ஓனர்கிட்ட இருக்குதுங்க. அவரு உடுமலைப்பேட்டைக்குப் போயிருக்கறாரு. பூட்டு ரிப்பேர் பண்றவர வரச் சொல்லியிருக்கறேன். வந்தா ஒடச்சுப்போடலாமுங்க.”

அதுவரை சும்மா இருக்க தனபாலுக்கு மனசு கேட்கவில்லை. கிருபாசங்கரைக் கூட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நாற்காலிக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்குப் போட வைத்திருந்த மோதிரம் தொலைந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

“நானும் வந்து தேடட்டுங்களா?” என்றாள் கீதா.

“நீ தேடிக் கிழிச்சது போதும். ஒரு பக்கமா உக்காரு!”

கீதா நேராகப் போய் லாஸ்யாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

சாவி இல்லாதவளிடம் யாருக்கு என்ன வேலை? ஒரு ஈ காக்கைகூடத் தேடி வரவில்லை. அடுத்த கண்ணுக்கும் மை வந்தது, தலைக்கு மல்லிகை வந்தது, எப்போதும் வியர்த்தே கிடக்கும் முகத்துக்கு ஒரு மினுமினுப்பு வந்தது.

“கொசுவத்தை எடுத்துத் திருப்பிச் செருகி உடட்டுங்களா ஆன்ட்டி?”

“அதுல மட்டும் கை வெக்காத அம்மணி! எனக்குக் கூச்சம்.”

ரெண்டு பிள்ளை பெற்றவளுக்கு என்ன கூச்சமோ! லாஸ்யா சிரித்துக்கொண்டே தோள்மடிப்பை மட்டும் சரிசெய்து பின் குத்தினாள்.

கீதா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா இருக்கறேனா கண்ணு?” என்று மகளிடம் கேட்டாள்.

“என்னையவிட நீங்கதான் நல்லா இருக்கறீங்கம்மா. வாங்க மேடைக்கு” என்று பிரியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேடையில் கீதா நகரவே இல்லை. மகளோடு ஒரு படம், மாப்பிள்ளையோடு ஒன்று, சம்பந்தியம்மாவோடு ஒன்று, தனியாகவே ரெண்டு மூன்று. குடும்பப் படத்துக்குத் தனபாலும் முழங்காலில் தூசியோடு வந்து நின்றார். எத்தனையோ வருஷம் கழித்து அன்றுதான் பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார் மனுஷன்.

அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மகளின் காதோரம் குனிந்தார்.

“நெசத்தச் சொல்லு கண்ணு. அம்மா போட்டோவுல நிக்கோணும்னு நீதானே சாவிய எடுத்து ஒளிச்சுவெச்சே?”

“நானில்லீங்கப்பா! நீங்கதான் ஒளிச்சுவெச்சிருக்கறீங்கன்னு நான் சந்தோசப்பட்டுட்டு இருக்கறேன்.”

அந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று தனபாலுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் மேடைக்குக் கீழே வேலனும் பூட்டு ரிப்பேர்க்காரரும் சுத்தியலோடு வந்து நின்றார்கள்.

“பூட்டை ஒடச்சரலாமுங்களா?” என்று கேட்டார் வேலன்.

“இருங்க” என்று கையைக் காட்டிவிட்டு, கீதா போட்டோகிராபர் பக்கம் திரும்பினாள். “எல்லாம் எடுத்தாச்சுங்களா தம்பி?”

“எடுத்தாச்சுங்கம்மா. உங்க படந்தான் ஜாஸ்தி.”

கீதா இடுப்புக் கொசுவத்துக்குள் கையை விட்டாள்.

“அப்ப இந்தாங்க சாவி.”